மாட்டுக்கு எத்தனை நிறம்?

ஓவியப் பக்கம்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழின் வண்ணப் பக்கத்தில் ஆர்தர் டவ் என்ற அமெரிக்க ஓவியரின் பாஸ்டல் (வண்ணத்தூள் குச்சி) படம் ஒன்றை வெளியிட்டிருந்தோம். 1911 வாக்கில் காகிதத்தில் வரையப்பட்டது. பெயர் 'இயற்கையின் குறியீடு, எண் 2'. இன்று சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. அதையொட்டி வந்த கடிதங்களுக்கு மொரீசியசின் ரோஸ் ஹில்லில் வசிக்கும் நம் ஓவியப் பக்க ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்மா, நான் எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக் குழுவில் இருப்பவன். கும்பாபிஷேகத்துக்காகக் கோபுரத்துக்கு வண்ணம் தீட்டியபோது, தமிழ்நாட்டிலிருந்து வந்த ஸ்தபதிகளோடு சாரத்தில் ஏறி நின்றவன். வண்ணம் என்றால் என்னவென்று எனக்கும் கொஞ்சம் தெரியும். நீங்கள் போட்ட படத்தில் அடர்பச்சை, மண்பழுப்பு, கறுப்பு, வெளுத்த ஒரு நிறம். ஒரு கை விரல்களுக்குள் எண்ணி முடித்துவிட்டேன். இதைப் போய் 'நிறத்தைக் கையாண்ட விதத்துக்காகவே பார்க்க வேண்டிய படம்' என்கிறீர்கள். நிறம் எங்கே? பெயரில் இருக்கும் இயற்கைதான் எங்கே?
– வாசகர், திரியோலே

பதில்: ஐயா, கோபமாக எழுதினாலும் நிறங்களை எண்ணிவிட்டு எழுதியிருக்கிறீர்கள். "அற்புதம், ஆழம்" என்று பாராட்டி எழுதியவர்களில் ஒருவர்கூட அதைச் செய்யவில்லை. அதனால் உங்களுக்குத்தான் முதல் பதில், நீளமான பதிலும்கூட.

குறை என்று நினைத்து நீங்கள் எண்ணிக் காட்டியது இருக்கிறதே, அதுதான் அந்தப் படத்தின் உயிர். டவ் எண்ணிக்கை போட்டே வேலை செய்தவர். மரங்களின் பக்கங்களில் தெரியும் தளங்களிலிருந்து மூன்று வடிவங்கள், மூன்று நிறங்கள், கூடவே கறுப்பும் வெள்ளையும்; இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு படம் செய்தேன் என்று அவரே தன் முறையை விளக்கியிருக்கிறார். கையில் காசில்லாமல் மூன்றோடு நிறுத்தவில்லை. ஒரு பொருளை உருவாக்கச் சில வடிவங்களும் சில நிறங்களுமே போதும் என்று நம்பினார்.

ஏன் அப்படி நம்பினார்? பிற்காலத்தில் இதைப் பற்றி எழுதும்போது அவர் ஒரு கருத்தைச் சொன்னார். பூ, மரம், மனிதர், ஆப்பிள், மாடு என ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய ஓர் ஒளிநிலை இருக்கிறது; அதுதான் அந்தப் பொருளை நம் கண்ணுக்கு அடையாளம் காட்டுகிறது என்பது அவர் எண்ணம். புரியவில்லை என்றால் இயற்கை அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பட்டாம்பூச்சிகளைப் பாருங்கள் என்றார். ஒன்றிடம் ஆரஞ்சும் நீலமும் கறுப்பும்; இன்னொன்றிடம் வெள்ளையும் மஞ்சளும் பழுப்பும். அந்த உயிரின் சுபாவத்துக்குப் பொருந்தும்படி ஒவ்வொன்றுக்கும் நிறங்கள் வாய்த்திருக்கின்றன, கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

நீங்கள் அமெரிக்கா போக வேண்டாம். உலகில் வேறெங்கும் இல்லாத, மொரீசியசுக்கே உரிய பட்டாம்பூச்சி ஒன்று இருக்கிறது. அறிவியல்காரர்கள் பப்பிலியோ மன்லியஸ் என்பார்கள். கறுப்புச் சிறகு, அதில் நீலம் கலந்த பச்சை. அதில் மஞ்சள் போதவில்லை, சிவப்பு போதவில்லை என்று இதுவரை யாராவது மனு கொடுத்ததுண்டா?

கோபுரத்தைச் சொன்னீர்கள். சாரத்தில் நின்றவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கேயும் நிறம் கண்டபடி வருவதில்லை. மீனாட்சிக்குப் பச்சை, கண்ணனுக்கு நீலம், காளிக்குக் கறுப்போ கருநீலமோ. ஒரு சுதை உருவத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் உடம்புக்கு ஒன்று, ஆடைக்கு ஒன்றிரண்டு, நகைக்குப் பொன் நிறம் என்று நாலைந்தில் முடிந்துவிடும். நூற்றுக்கணக்கான உருவங்கள் அடுக்கடுக்காக நிற்பதால்தான் கோபுரம் கீழேயிருந்து பார்க்கும்போது அத்தனை நிறமாகத் தெரிகிறது. டவ் கோபுரம் கட்டவில்லை. ஒரே ஓர் உருவத்தின் முன்னால் உட்கார்ந்து, அதற்கு உரிய நிறம் எது எது என்று பொறுக்கி எடுத்தார். அதன் பிறகு உருவத்தையே விட்டுவிட்டு நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டார். இந்த இரண்டாவது காரியம்தான் 1911இல் புதிது.

இப்போது இதழை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்துக்கொள்ளுங்கள். மொத்தப் படத்தையும் பார்க்க வேண்டாம். வளைந்து எழும் இலை போன்ற வடிவங்களில் ஏதாவது ஒன்றின் ஓரத்தை மட்டும் பாருங்கள். ஓரத்தில் இருட்டு அழுத்தமாக இருக்கிறது. அங்கிருந்து உள்ளே போகப்போக அது மெல்ல மெல்லப் பச்சைக்குள் கரைகிறது. விரலால் இழுத்துத் தேய்த்தால்தான் இப்படிக் கரையும். அடுத்த வடிவம் எங்கே தொடங்குகிறது? இந்த வடிவத்தின் இருட்டு முடியும் அதே கோட்டில், தன் வெளிச்சமான பக்கத்தோடு தொடங்குகிறது. இருட்டை ஒட்டி வெளிச்சம், வெளிச்சத்தை ஒட்டி இருட்டு. பென்சில் கோடே இல்லாமல் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் தெரிவதற்கும், தட்டையான காகிதத்தில் வடிவங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து அசைவதற்கும் காரணம் இதுதான். நிறம் நாலுதான், ஆனால் ஒவ்வொரு நிறமும் அடுத்த நிறத்தின் தயவில் வேறொன்றாக மாறிக்கொண்டே இருக்கிறது.

இது டவ் கண்டுபிடித்த மாயமில்லை. பாரிசில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஷெவ்ரூல் என்ற வேதியியலாளரிடம் ஒரு புகார் வந்தது: கறுப்பு நூலில் கறுப்பே போதவில்லை, சாயம் மட்டம் என்று. அவர் நூலைச் சோதித்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைச் சோகையாகக் காட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து நிறம் எப்படி ஒரு நிறத்தை மாற்றும் என்று 1839இல் ஒரு பெரிய நூலே எழுதி வெளியிட்டார். பிறகு வந்த பிரெஞ்சு ஓவியர்கள் பலர் அதைப் படித்தார்கள். டவ் 1907 முதல் 1909 வரை பிரான்சில் இருந்தவர். அந்தக் காற்று அவர்மேலும் அடித்திருக்கிறது.

இயற்கை எங்கே என்ற கேள்வி பாக்கி. உங்கள் ஊரைச் சுற்றிலும் கரும்புதானே? சாயங்காலம் காற்று எழும்பும்போது ரோட்டோரம் நின்று, கரும்பு என்பதை மறந்துவிட்டு, நிறத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். நிமிர்ந்த தோகையின் பச்சை. காற்று புரட்டும்போது பளிச்சென்று தெரியும் அதன் வெளிர்ப் பக்கம். அடியில் காய்ந்து தொங்கும் சோகையின் பழுப்பு. வரிசைகளுக்கு நடுவே கறுப்பு. நாலு. அதே ஒரு கை விரல்கள்தான், ஐயா. டவ் பார்த்தது அமெரிக்கக் காடும் மேடும். நம் கரும்பை அவர் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சரிவில் காற்று புகுந்து போவதுதான் தெரிகிறது.

டவ் 1914இல் வரைந்த இன்னொரு பாஸ்டல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் 'பசு'. கொம்பையும் வாலையும் தேடுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். பசுவின் நிறங்களும், பசுவின் உடம்பில் ஓடும் வளைவுகளும் இருக்கின்றன. வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டுவதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்பேன்: மாட்டுக்கு எத்தனை நிறம்? "வெள்ளை" என்று ஒரு குரல் வரும், "பழுப்பு" என்று இன்னொரு குரல் வரும். மூக்கின் ஈரக் கறுப்பையும் காதின் உட்புறத்து இளஞ்சிவப்பையும் சொல்கிற பிள்ளை வீட்டில் மாடு வைத்திருக்கும் பிள்ளையாகத்தான் இருக்கும். டவும் பண்ணை வைத்திருந்தவர். கனெக்டிகட்டில் கோழி வளர்த்து, நிலத்தில் பாடுபட்டு, மிச்ச நேரத்தில் வரைந்தவர். மாட்டை அருகில் நின்று பார்த்தவர்தான் மாட்டை விட்டுவிட்டு அதன் நிறத்தை எடுத்துக்கொள்ள முடியும் என்பது என் கட்சி.

கேள்வி: உலகின் முதல் அரூப (உருவம் காட்டாத) ஓவியர் ரஷ்யாவின் கண்டின்ஸ்கியா, டவா? வினாடி-வினாவுக்குத் தேவைப்படுகிறது.
– மாணவர், குவாத்ர் போர்ன்

பதில்: வினாடி-வினா நடத்துகிறவர் எந்தப் பெயரை விடைத்தாளில் எழுதி வைத்திருக்கிறாரோ அவர்தான் முதல்வர். என்னைக் கேட்டால், இந்தப் பந்தயத்தில் எனக்கு ஆர்வம் இல்லை.

ஸ்வீடனில் ஹில்மா அஃப் கிளிண்ட் என்ற பெண்மணி 1906இலேயே தொடங்கிவிட்டார். தான் இறந்து இருபது ஆண்டுகள் ஆகும்வரை அந்தப் படங்களைக் காட்டக்கூடாது என்று சொல்லி வைத்தார். 1944இல் காலமானார், 1986இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வைக்கப்பட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பாரிசில் இருந்த செக் ஓவியர் குப்கா, 1909-10 வாக்கில் பூப்பறிக்கும் பெண் ஒருத்தியைப் பாஸ்டலில் திரும்பத் திரும்ப வரைந்தார். அவள் எழுந்து நகரும் அசைவு நெடுக்கு நெடுக்கான நிறப் பட்டைகளாகப் பிரிந்துபோகிறது. பெண் பாதி, பட்டை பாதி. கண்டின்ஸ்கி 1910 என்று தேதி போட்ட நீர்வண்ணப் படம் ஒன்று 1913இல் வரைந்ததாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

டவ் பத்துப் பாஸ்டல்களை 1912இல் நியூயார்க்கில், ஸ்டீக்லிட்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் நடத்திய '291' என்ற சின்னக் கூடத்தில் வைத்தார். அதே ஆண்டில் அவை சிகாகோவுக்கும் போயின. பிற்பாடு அவற்றுக்குப் 'பத்துக் கட்டளைகள்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கர் ஒருவர் இந்த வகை ஓவியங்களைப் பொதுமக்கள் முன் வைத்தது அதுதான் முதல் தடவை என்று எழுதிக்கொள்ளுங்கள், மதிப்பெண் கிடைக்கும்.

கேள்வி: எச்.எஸ்.சி. தேர்வுக்கு ஓவியம் எடுத்திருக்கிறேன். அப்பா நாற்பத்தெட்டு நிறம் உள்ள எண்ணெய்ப் பாஸ்டல் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். டவ் பயன்படுத்தியதும் இதுதானா? அவர் ஏன் எண்ணெய் வண்ணத்தை விட்டுப் பாஸ்டலுக்குப் போனார்?
– மாணவி, மோக்கா

பதில்: அப்பாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொள், மகளே. ஆனால் டவ் பயன்படுத்தியது அது இல்லை. எண்ணெய்ப் பாஸ்டலை ஜப்பானில் சக்குரா நிறுவனம் 1925இல்தான் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1911இல் டவின் கையில் இருந்தது உலர்ந்த பாஸ்டல்: நிறமித் தூள், சுண்ணத் தூள், குச்சியாகப் பிடித்து வைக்கக் கொஞ்சம் பிசின். டிராகாகாந்த் என்ற செடிப் பிசினைத்தான் பழைய காலத்திலிருந்து சேர்க்கிறார்கள். பிசின் கூடினால் குச்சி காகிதத்தைக் கீறும், நிறம் இறங்காது. குறைந்தால் விரலிலேயே உதிர்ந்துவிடும்.

எண்ணெய் இல்லை என்பது சின்ன விஷயமில்லை. எண்ணெய் வண்ணத்தில் நிறமித் துகள்கள் எண்ணெய்க்குள் முங்கிக் கிடக்கின்றன. காலப்போக்கில் எண்ணெய் மஞ்சளிக்கிறது, படமும் கூடவே மஞ்சளிக்கிறது. பாஸ்டலில் துகள்கள் காகிதத்தின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு வெறும் தூளாகவே நிற்கின்றன. வெளிச்சம் அந்தத் துகள்களில் பட்டு நாலா பக்கமும் சிதறுகிறது. அதனால்தான் பாஸ்டலின் கறுப்புக்கூடப் பளபளக்காமல் வெல்வெட்டுத் துணிபோல் மெத்தென்று தெரிகிறது. சென்ற இதழின் படத்தில் அத்தனை இருட்டு இருந்தும் அது கனக்கவில்லை என்றால், எண்ணெய் இல்லாததும் ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. எண்ணெய் வண்ணக்காரர் பலகையில் குழைத்துக் குழைத்து, வேண்டிய நிறம் வரும்வரை ஒத்திப்போடலாம். பாஸ்டல்காரருக்கு அந்த வசதி இல்லை. எந்தக் குச்சியை எடுப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். கலப்பதெல்லாம் காகிதத்தின்மேல், ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றை உரசி. மூன்று நிறம், மூன்று வடிவம் என்று வகுத்துக்கொண்ட மனிதருக்கு இதைவிடத் தோதான கருவி எது?

அதுவரை பாஸ்டலின் பிழைப்பு வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்து ரோசல்பா கர்ரியேராவும் பிரான்சின் லா தூரும் அதை வைத்துச் சீமான்கள், சீமாட்டிகளின் முகங்களை வரைந்தார்கள். பவுடர் போட்ட கன்னத்தை வரையப் பவுடரைவிடச் சிறந்தது உண்டா? பிறகு பிரெஞ்சு ஓவியர் டெகா வந்தார், நடனப் பெண்களின் பாவாடைகளில் பாஸ்டலைப் படிப்படியாக அடுக்கினார். அதே குச்சியைத்தான் கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் எடுத்து, காட்டையும் மாட்டையும் வரையாமல் வரைந்தார். எனக்கு இதில் ஓர் அல்ப சந்தோஷம்.

தேர்வுக்கு உனக்கு நான் சொல்வது: பெட்டியிலிருந்து நாலு குச்சிகளை எடு, மற்ற நாற்பத்துநாலையும் அலமாரியில் பூட்டிவிடு. எந்த நாலு என்று தேர்ந்தெடுப்பதற்குள் பாதிப் படம் முடிந்துவிடும். சாவி அப்பாவிடம் இருக்கட்டும்.

கேள்வி: என் மறைந்த கணவர் வரைந்த பாஸ்டல் படங்கள் சிலவற்றைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறேன். கறுப்பும் கரும்பச்சையும் உள்ள இடங்களில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்திருக்கிறது. துணியால் துடைக்கலாமா?
– வாசகி, கியூர்பிப்

பதில்: துடைக்கவே கூடாது, அம்மா. துணி பட்டால் புள்ளியோடு படமும் போய்விடும். ஊதவும் வேண்டாம், ஈரமும் வேண்டாம்.

அது பூஞ்சை. உங்கள் ஊரில் துணி காய்வதற்கே வெயிலிடம் தவம் கிடக்க வேண்டும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல ஊர் இந்தத் தீவில் இல்லை. பாஸ்டலில் இருக்கும் பிசின் அதற்குச் சாப்பாடு. கறுப்புப் பகுதிகளில் அது முதலில் கண்ணில் படுவது வழக்கம்.

முதலில் படத்தை வெளிச்சுவரிலிருந்து இறக்குங்கள்; மறுபடி மாட்டும்போது வீட்டின் உள்சுவர் எதிலாவது மாட்டுங்கள். மழைச் சாரல் வாங்கும் சுவரின் ஈரம் சட்டத்தின் முதுகு வழியாகத்தான் ஏறுகிறது. அதற்கு முன் சட்டத்தைப் பக்கவாட்டில் உற்றுப் பாருங்கள். படம் கண்ணாடியை ஒட்டியிருந்தால் அதுதான் பெரிய தப்பு; அப்படியானால் நீங்களாகப் பிரிக்க வேண்டாம், தூள் கண்ணாடியோடு வந்துவிடும். பாஸ்டலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். தடித்த அட்டையில் சாளரம் வெட்டி வைப்பது அதற்காகத்தான், அழகுக்காக மட்டுமல்ல. கண்ணாடிக்குப் பதிலாக மலிவான பிளாஸ்டிக் தகடு போட்டுத் தருகிறேன் என்று சட்டக் கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறித் தூளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

தூள் உதிராமலிருக்க ஃபிக்ஸேடிவ் தெளிக்கச் சொல்வார்கள். தெளித்தால் தூளுக்கு நடுவே இருக்கும் காற்று போய், நிறம் இருண்டுவிடும். வெளிர் நிறங்களில் பளிச்சென்று தெரியும். உங்கள் கணவர் எந்த வெளிச்சத்தில் விட்டுப்போனாரோ அதிலேயே இருக்கட்டும். பூஞ்சையை எடுக்கக் காகித ஓவியங்களைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். அதுவரை காற்றோட்டமான, வெயில் நேரே படாத அறையில், கண்ணாடி மேலே பார்க்கும்படி படுக்கவைத்து வையுங்கள். வெயிலில் காயவைத்தால் பூஞ்சையோடு சேர்ந்து சில நிறங்களும் வெளுத்துப்போகும்.

கேள்வி: எங்கள் ரீயூனியன் தீவுக்கு இந்தக் கதையில் ஏதாவது பங்கு உண்டா, அல்லது எல்லாம் பாரிசும் நியூயார்க்கும்தானா?
– வாசகர், சான் டெனி

பதில்: உண்டு, சுற்றுவழியில். உங்கள் ஊரில் 1866இல் பிறந்த அம்புவாஸ் வோலார் பாரிசுக்குச் சட்டம் படிக்கப் போய்ப் பட வியாபாரி ஆனார். செசான், கோகென், பிக்காசோ என்று அவர் கை வைத்த பெயர்கள் எல்லாம் இன்று பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. பிரெஞ்சு ஓவியர் ஓதிலோன் ரெதோனின் படங்களையும் அவர் வாங்கி விற்றார். ரெதோன் ஐம்பது வயதுவரை பெரும்பாலும் கரியிலும் கறுப்பு மையிலும் மட்டுமே வரைந்தவர். 1890களில் பாஸ்டல் பக்கம் திரும்பியதும், அதுவரை பூட்டி வைத்திருந்த நிறமெல்லாம் ஒரேயடியாக வெளியே கொட்டியது. பூவா மேகமா என்று சொல்ல முடியாத நீலமும் ஆரஞ்சும் அவர் படங்களின் பின்புலங்களில் மிதக்கும். அரூப ஓவியம் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பின்புலத்தை மட்டும் பாருங்கள், என்ன பெயர் வைப்பீர்கள்?

வோலார் 1939இல் கார் விபத்தில் இறந்தார். அவர் சேகரிப்பிலிருந்து ஒரு பகுதியை அவருடைய தம்பி லூசியன் 1947இல் உங்கள் ஊர் லியோன் தியர்க்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். வாசலிலேயே வைத்துக்கொண்டு பக்கத்துத் தீவுக்காரியிடம் கேட்கிறீர்கள்.

கேள்வி: ஆரம்பப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஓவியமும் நானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அரூப ஓவியம் என்றதும் பிள்ளைகள் எல்லா நிறத்தையும் போட்டுக் கிறுக்கி, கடைசியில் தாள் சேற்று நிறமாகிவிடுகிறது. என்ன செய்ய?
– ஆசிரியை, மாயேபூர்

பதில்: கிறுக்கட்டும், ஆனால் பார்த்துவிட்டுக் கிறுக்கட்டும். மாயேபூரில் இருந்துகொண்டு மீனுக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். காலையில் கரைக்கு வரும் கட்டோ மீன் (கிளிமீன்) ஒன்றை வாங்கி, தட்டில் வைத்து வகுப்புக்குக் கொண்டு போங்கள். வரையச் சொல்ல வேண்டாம். நிறத்தின் பெயரை மட்டும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் பாடமும் நடந்த மாதிரி ஆகும். முதலில் எல்லாரும் "நீலம்" என்பார்கள். கிட்டே வரச் சொல்லுங்கள். செதிலின் நடுவில் நீலப்பச்சை, ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்பு. வயிற்றுப் பக்கம் வெளுத்த மஞ்சளோ சாம்பலோ. கரும்பலகையில் எழுதுங்கள். பட்டியல் ஐந்தைத் தாண்டினால் சண்டை போட்டு நாலாக்கச் சொல்லுங்கள். அந்தச் சண்டைதான் பாடம்.

பிறகு மீனை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நாலு நிறச் சுண்ணக்கட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு பழுப்புத் தாள். வெள்ளைத் தாள் கொடுத்தால் பிள்ளைகள் வெள்ளையைப் பார்த்துப் பயந்து அதை மூடுவதிலேயே குறியாக இருப்பார்கள். பழுப்பில் வெளிர் நிறமும் எடுபடும், அடர்நிறமும் எடுபடும். மீன் வடிவம் வரக்கூடாது, மீனின் நிறங்கள் மட்டும் வரவேண்டும்; எந்த நிறம் அதிகம், எது ஓரம் மட்டும் என்பது மீனில் இருந்தபடியே இருக்க வேண்டும். சேற்று நிறம் வருவதற்குக் காரணம் எதிரெதிர் நிறங்களை ஒன்றின்மேல் ஒன்றாகத் தேய்ப்பது. தேய்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். கலக்க வேண்டியதைக் கண் கலந்துகொள்ளும்.

போர்ட் லூயி போகும் நாளில் பிள்ளைகளை இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போங்கள். எல்லாரும் டோடோவின் எலும்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். எலும்பில் என்ன நிறம் இருக்கிறது? மற்றப் பறவைகளின் இறகுகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். மீனை வைத்து நடந்த சண்டை அங்கேயும் தொடரும், அதற்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: அந்தப் படத்தை நேரில் பார்க்க சிகாகோ போக முடியாது. இதழில் அச்சான நிறத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?
– வாசகர், ரோஸ் ஹில்

பதில்: பாதி தூரம். அச்சு எல்லா நிறத்தையும் நாலு மையில் புள்ளி வைத்துக் காட்டுகிறது. அதுவும் பளபளப்புத் தாளில். தூளின் மெத்தென்ற தன்மை அதில் வராது. அடர்பச்சையும் கறுப்பும் நெருங்கும் இடங்களில் அச்சு இரண்டையும் ஒரே இருட்டாக்கிவிடுகிறது. சிகாகோ கலைக்கூடத்தின் இணையதளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இருட்டுக்குள் பச்சை தெரியும். சிகாகோவுக்கே போனாலும் சுவரில் இருக்கும் என்று உறுதி இல்லை. காகித ஓவியங்களை வெளிச்சத்திலிருந்து காப்பாற்ற அருங்காட்சியகங்கள் அவற்றை அவ்வப்போது உள்ளே வைத்துவிடும்.

கேள்வி: எப்போதும் வெளிநாட்டு ஓவியர்கள்தானா? நம் தமிழ் ஓவியர்களில் யாரும் இப்படிச் செய்ததில்லையா?
– வாசகர், வாக்குவா

பதில்: செய்திருக்கிறார்கள். திருச்சிப் பக்கம் கீரம்பூரில் 1938இல் பிறந்த கே.எம். ஆதிமூலம் தொடக்கத்தில் கறுப்புக் கோடுகளுக்குப் பேர்போனவர். காந்தியின் நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களைப் பார்த்திருப்பீர்கள். பிறகு கோட்டை விட்டுவிட்டு, உருவமே இல்லாத பெரிய எண்ணெய் வண்ணப் படங்களுக்குப் போனார். நிலம், ஆகாயம், நீர் என்று எதையும் நேரே சொல்லாமல், ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறத்தைக் கனமாக இழுத்து வைத்த படங்கள். ரெதோன் கரியிலிருந்து நிறத்துக்குப் போன கதைக்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. ஆனால் ஆதிமூலம் சிவப்பைக் கையாளும் விதம் வேறு எவரிடமும் இல்லை. அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும். ஆசிரியர் அடுத்த இதழில் இரண்டு வண்ணப் பக்கம் ஒதுக்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். தராவிட்டால் கடிதத்தை அவருக்கே எழுதுங்கள்.